ஜெர்மன் கோயிலுக்குப் பெயின்ட் அடித்தவர்

மூடியை நெம்பியதும் டின் சரிந்தது. கபில நிறப் பெயின்ட் தரையில் கொட்டியது. வெறும் தரை இல்லை, கல்லறைக் கல். அதில் செதுக்கியிருந்த ஜெர்மன் பெயருக்குள் பெயின்ட் இறங்கி நான்கு எழுத்துகளை நிரப்பிக்கொண்டு நின்றது. செபமாலைமுத்து குந்தியிருந்து பழைய பெனியனால் துடைத்தார். துடைக்கத் துடைக்கப் பெயர் துலக்கமாகத் தெரிந்தது.

"விடுங்கோ அண்ணை," என்றான் யோகராஜா. "இருநூறு வருசமாக் கீழை கிடக்கிறவர். அவருக்கும் ஒரு கோட் கிடைக்கட்டும்."

"பகிடி விடாதை. அந்த மண்கடதாசியை எடு."

"இன்னும் தேய்க்கப் போறியளே?"

"தேய்க்காமல் அடிச்சா மூண்டு மாசத்திலை உரிஞ்சுபோம். அடிக்கிறதெண்டா வடிவா அடிக்கவேணும்."

அன்று வெள்ளிக்கிழமை. 1995 மே மாதத்தின் முதல் வாரம். செபமாலைமுத்து அந்த ஜெர்மன் புரட்டஸ்தாந்துக் கோயிலில் எட்டு வருடமாகக் கெயார்டேக்கர். லண்டனில், ஓல்ட்கேட்டுக்குக் கிழக்கே ஒரு சந்துக்குள் கோயில் இருந்தது. அதன் முதுகுப் பக்கத்தில் இருந்த இரண்டு அறைகளில் அவரும் மனைவி றோஸ்மலரும் குடியிருந்தார்கள். யோகராஜா கவுன்சில் வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவன். கதவுகளுக்கு அடித்ததில் மிஞ்சியவை என்று டின்களைத் தன் வான் வண்டியில் கொண்டுவந்தான். மூடி திறக்காத பதினொரு டின் எப்படி மிஞ்சும் என்று செபமாலைமுத்து கேட்கவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஒரு வெள்ளைக்காரப் பெண் கோயிலைப் பார்க்க வர இருந்தாள். மூடப்படும் பழைய கோயில்களைப் பொறுப்பேற்றுப் பாதுகாக்கும் ஒரு நிதியத்தின் ஆள். அவளுக்குப் பிடித்தால் நிதியம் கோயிலை எடுத்துக்கொள்ளும். கெயார்டேக்கரும் அறைகளும் இருந்தபடி இருக்கும். பிடிக்காவிட்டால் கோயிலை ஒரு கம்பனி வாங்கும். முன்சுவரை மட்டும் நிற்க வைத்துவிட்டு உள்ளே ஐந்து தளத்துக்கு அலுவலகம் கட்டும். இதைச் சொன்னவர் தர்மகர்த்தாக்களின் தலைவர் மிஸ்டர் பிராண்ட். "அவளுக்குப் பிடிக்கவேண்டும், முத்து," என்றும் சொன்னார்.

ஒரு கோயில் ஒருவருக்குப் பிடிக்க வேண்டுமானால் என்ன செய்யவேண்டும் என்பது செபமாலைமுத்துவுக்குத் தெரியும். அவர் மீன்பிடிகாரர் ஊரான குருநகரின் கத்தோலிக்கர். அங்கே திருநாளுக்குக் கொடியேறுவதற்கு முன் சுவருக்கு வெள்ளை அடிப்பார்கள், உட்காரும் வாங்குகளுக்குப் பெயின்ட் அடிப்பார்கள், சுரூபக் கூட்டுக்கு நீலம் பூசுவார்கள். மேற்றிராணியார் வருகிறார் என்றால் எல்லாவற்றையும் இன்னொரு தரம் செய்வார்கள். பெயின்ட் மணக்காத கோயிலுக்குள் மேற்றிராணியாரை விட்ட ஊர் எது? அந்த ஊரோடு யார் சம்பந்தம் வைப்பார்கள்?

கோயிலுக்கு அடி மண்ணாக இருந்தது சீனி. பதினெட்டாம் நூற்றாண்டில் ஹனோவர்ப் பக்கத்திலிருந்து வந்த ஜெர்மானியர் இந்தத் தெருக்களில் சீனி காய்ச்சினார்கள். ஊரில் பிழைக்க வழியில்லாமல் வந்தவர்கள். கொதிக்கும் பாகுக்கு மேல் வெறும் மேலோடு நின்று சுருண்டு விழுந்தவர்கள். விழாமல் தப்பிய சிலர் முதலாளிகளானார்கள். முதலாளியானதும் அவர்களுக்குக் கடவுள் நினைவு வந்தது. 1766இல் கோயில் கட்டினார்கள். கரும்பு வெட்டியவன் கடலுக்கு அப்பால் அடிமை. அவனைப் பற்றிப் பத்துக் கட்டளையில் எதுவும் இல்லை. ஆகவே கட்டளைகளைப் பொன் எழுத்தில், ஜெர்மன் மொழியில், இரண்டு பெரிய பலகைகளில் எழுதித் தைரியமாகச் சுவரில் மாட்டினார்கள்.

அதற்கும் மேலே இங்கிலாந்து அரசரின் சின்னத்தை மாட்டினார்கள். சிங்கம், ஒற்றைக்கொம்புக் குதிரை, கிரீடம், எல்லாம் மரத்தில் செதுக்கியது. கட்டளைகளைவிடச் சின்னம் பெரிது. நாடு விட்டு வந்தவனுக்கு எதை எதற்கு மேல் மாட்டவேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

வெளியே பார்த்தால் கோயில் என்று தெரியாது. தட்டையான செங்கல் சுவர், மேலே ஒரு முக்கோணம், அரைவட்டத் தலையுள்ள யன்னல்கள். ஒரு சின்ன மணிக்கூண்டு இருந்ததாம். ஆடத் தொடங்கியதும் இறக்கிவிட்டார்கள். உள்ளே பிரசங்க மேடைதான் நடுநாயகம். பீடம் அதற்குக் கீழே ஒரு மேசை. போதகர் ஒன்பது படி ஏறி மேலே நிற்பார். அவருடைய குரல் மேலே போய் வீணாகாமல் இருக்கத் தலைக்கு மேல் எட்டு மூலையுள்ள ஒரு மரக் குடை. கடவுளின் மேசையைப் பார்க்கக் குனியவேண்டும். போதகரைப் பார்க்க அண்ணாந்து பார்க்கவேண்டும்.

வாங்குகள் பெட்டி பெட்டியாக இருந்தன. நெஞ்சு உயரத்துக்குப் பலகை அடைத்து, ஒவ்வொன்றுக்கும் கதவு வைத்து, கதவில் எண் எழுதியிருந்தது. குடும்பத்துக்கு ஒரு பெட்டி, வருட வாடகைக்கு. சீனி முதலாளிகள் மேடைக்கு அருகே இருந்தார்கள். சீனி காய்ச்சியவர்கள் மேல்மாடத்தில், கதவில்லாத வெறும் வாங்குகளில் இருந்தார்கள். வேர்வை மணம் மேலே போகும், கீழே வராது என்று கணக்குப் போட்டிருப்பார்கள். கடவுளின் வீட்டில் தாழ்ப்பாள் எதற்கு என்று யாரும் கேட்டதாகப் பதிவில்லை.

1915இல் ஜெர்மானியருக்கு எதிராகக் கூட்டம் வந்தது. யன்னல்களை உடைத்தது. உள்ளே புகவில்லை; பக்கத்தில் ஜெர்மன்காரனின் பேக்கரி இருந்தது, பாண் இருந்தது. மிஸ்டர் பிராண்டின் பாட்டனார் மறுவாரமே பெயரின் கடைசி எழுத்தை வெட்டி எறிந்துவிட்டு ஆங்கிலேயரானார். அதன் பிறகு சபை தேயத் தொடங்கியது. இரண்டாவது யுத்தத்தில் குண்டு விழவில்லை. காசும் விழவில்லை. எழுபது எண்பது வருடமாக ஒருவரும் கோயிலில் ஒரு ஆணி அடிக்கவில்லை.

இந்தக் கோயிலுக்குச் செபமாலைமுத்து வந்தது 1987இல். காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையில் இருபத்திரண்டு வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். பதிவேடுகள் எல்லாம் ஆங்கிலம். ஒரு அடித்தல் திருத்தல் இருக்காது. 1985இல் வேலைக்குப் போகும் வழியில் இரண்டு தரம் இராணுவத்தால் பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்டார். மூன்றாம் தரத்துக்குக் காத்திருக்கவில்லை. லண்டனுக்கு வந்து, குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் வரிசையில் நின்று அகதிக் கடதாசி எடுத்தார். பெட்ரோல் நிலையத்தில் இராச் ஷிப்ட் செய்தார். அவர் பூசைக்குப் போகும் கோயிலின் சுவாமியார் இந்த வேலை இருப்பதாகச் சொன்னார்.

மிஸ்டர் பிராண்ட் நேர்முகத்தில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"நீ கிறிஸ்தவனா?"

"ஆம் ஐயா."

எந்தக் கிறிஸ்தவன் என்று அவர் கேட்கவில்லை. கறுப்பர்களுக்குள் அவ்வளவு பிரிவு இருக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை. முதல் நாள் செபமாலைமுத்து உள்ளே நுழைந்ததும் முழந்தாளிட்டுச் சிலுவை அடையாளம் போட்டார். முன் பெட்டியில் இருந்த ஜெர்மன் கிழவி, திருமதி லுப்கே, கழுத்தைத் திருப்பிப் பார்த்து, "இங்கே அதெல்லாம் இல்லை," என்றாள். அதன் பிறகு அவர் சிலுவை அடையாளத்தைக் காற்சட்டைப் பைக்குள் பெருவிரலால் போட்டுக்கொண்டார்.

றோஸ்மலர் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்தாள். கோயிலுக்குள் வந்து பார்த்தது ஒரே ஒரு தரம்.

"மாதா இல்லை, அந்தோனியார் இல்லை, ஒரு மெழுகுதிரி கொளுத்த இடமில்லை," என்றாள். "இது கோயிலோ கச்சேரியோ? எண் போட்ட கதவும் அதுவும். பிறப்புச் சேட்டிபிக்கற் எடுக்க வந்த மாதிரிக் கிடக்கு."

"உனக்கென்ன, இருக்க வீடு தந்திருக்கிறாங்கள்."

"வீட்டுக்கு நன்றி. கோயிலுக்கு இல்லை."

வீடு என்பது சரியான சொல்தான். லண்டனில் அவர்கள் இருந்த நான்காவது இடம் அது. முதல் மூன்றிலும் மற்றவர்களின் குசினியில் முறை வைத்துச் சமைத்தார்கள். இங்கே றோஸ்மலர் மீனைப் பொரித்தால் பொரித்ததுதான். மணம் கோயிலுக்குள் போனாலும் சுவரில் இருந்த கட்டளைகள் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளைகள் இல்லாத அந்த இருவருக்கும் அதற்கு மேல் ஆசை இருக்கவில்லை. அந்த இரண்டு அறைகளில் இருந்து சாகவேண்டும்; அவ்வளவுதான்.

தமிழர்கள் கோயிலைப் பார்க்காமல் விட்டதில்லை. லூயிஷாமில் சைவக் கோயில் வந்துவிட்டது, கிழக்கிலும் ஒன்று வேண்டும் என்று ஒரு கமிட்டி இரண்டு காரில் வந்தது. ஏழு பேர், எடுபிடி ஒருவனைத் தவிர எல்லோரும் தலைவர்கள். ஒருவர் திசைகாட்டி கொண்டுவந்திருந்தார். செபமாலைமுத்துவைப் பார்த்து, "நீங்கள் ஊரிலை எவடம்?" என்று கேட்டார். "குருநகர்" என்றதும், "ஓ, அப்பிடியே," என்று முகத்தை யன்னல் பக்கம் திருப்பினார். றோஸ்மலர் கொடுத்த தேநீரை ஏழு பேரில் ஐந்து பேர் தொடவில்லை. இப்போதுதான் குடித்துவிட்டு வந்தார்களாம். வாசல் வடக்குப் பார்த்தபடி இருக்கிறது, சரிவராது என்று போய்விட்டார்கள். யோகராஜா அந்தக் கமிட்டியில் எடுபிடியாக வந்தவன்தான். தேநீரைக் குடித்த இருவரில் ஒருவன். அன்றிலிருந்து சிநேகம்.

வேலை அந்த வாரம் திங்கட்கிழமையே தொடங்கியிருந்தது. முதலில் வாங்குகளைச் சவர்க்காரத் தண்ணீர் விட்டுக் கழுவினார். பிறகு மண்கடதாசியால் தேய்த்தார். பழைய பெயின்ட் மங்கிய தேன் நிறத்தில், மரத்தின் ரேகை மாதிரிக் கோடு கோடாக இருந்தது. சில இடங்களில் இருநூறு வருடத்துக் கைகள் பட்டுக் கறுத்திருந்தது. எண்கள் வளைந்த பழைய பாணியில், மங்கலாக, பாதி அழிந்து இருந்தன. எல்லாவற்றையும் மரம் தெரியும்வரை தேய்த்தார். அதன் மேல் கவுன்சில் கதவுக் கபிலம், இரண்டு கோட், முகம் தெரியும் பளபளப்பு. எண்களை வெள்ளையில் தானே எழுதினார். அளவுகோல் வைத்து எழுதிய எண்கள். சீமெந்து ஆலையின் ஸ்டோர் அலுமாரிகளில் இருந்த மாதிரி.

யோகராஜா பின்னேரங்களில் வந்து உதவினான். சிங்கத்துக்குப் பொன் நிறம் அடித்தது அவன்.

"குதிரைக்கு என்ன நிறம், அண்ணை?"

"வெள்ளை. கொம்புக்குப் பொன்."

"இந்தச் சிங்கம் எங்களை விடமாட்டுது. அங்கையும் சிங்கம், இஞ்சையும் சிங்கம். அங்கை வாளோடை துரத்திச்சுது. இஞ்சை நாங்கள் ஏணி வைச்சு அதுக்கு மீசை துடைக்கிறம்."

"கதையை விட்டிட்டு வாலை அடி."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை. மாதத்தில் ஒரு தரம்தான். போதகர் வேறு ஊரிலிருந்து வருவார். சபை பதினொரு பேர். அந்த வார இறுதி யுத்தம் முடிந்த ஐம்பதாவது வருடம் என்று தெரு முழுக்கக் கொடித் தோரணம். பதினொரு ஜெர்மானியரும் கொடிகளுக்குக் கீழே தலையைக் குனிந்துகொண்டு வந்து சேர்ந்தார்கள். உள்ளே வந்து நிமிர்ந்தார்கள். கீழ்த்தளம் முழுக்கப் பளபளத்தது. மூக்கைப் பிடுங்கும் பெயின்ட் மணம்.

திருமதி லுப்கேக்கு எண்பத்தாறு வயது. பிறந்த நாளிலிருந்து பதினான்காம் பெட்டி. கதவை விரலால் தொட்டுப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் ஒட்டியது.

"கடைசியில் ஒருவனுக்காவது தோன்றியதே," என்றாள் ஆங்கிலத்தில். "அந்தப் பழைய நிறம் என் அம்மாவுக்குச் சகிக்காது. பார்த்தாலே வயிற்றைப் புரட்டும் என்பாள்."

மற்றவர்களும் தலையாட்டினார்கள். போதகர் பிரசங்கத்தின் முடிவில் 'எங்கள் உண்மையுள்ள ஊழியன்' என்று ஒரு வரி சேர்த்தார். எட்டு வருடத்தில் முதல் தடவையாக ஜெர்மானியர்கள் செபமாலைமுத்துவுக்குக் கை கொடுத்தார்கள்.

மிஸ்டர் பிராண்ட் மட்டும் நடுவழியில் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு அறுபது வயது. கென்ட்டில் தோட்டமும் நாயும் உள்ள வீடு. ஜெர்மன் ஒரு சொல்லும் தெரியாது. கோயிலை நிதியத்துக்குக் கொடுப்பதா கம்பனிக்கு விற்பதா என்று கூட்டம் நடந்தபோது விற்கவேண்டும் என்றவர் அவர் ஒருவர்தான். மற்ற இரண்டு தர்மகர்த்தாக்களும் எதிர்த்தார்கள். நிதியம் வேண்டாம் என்றால் மட்டும் விற்பது என்று முடிவானது. இதெல்லாம் செபமாலைமுத்துவுக்குத் தெரியும். கூட்டத்துக்குக் கதிரை போட்டது அவர்தான்.

மிஸ்டர் பிராண்ட் ஒரு கதவைத் திறந்தார், மூடினார். கையை மோந்து பார்த்தார். மெல்லிய சிரிப்பு ஒன்று வந்தது.

"மேல்மாடம் இன்னும் முடியவில்லையா?"

"பெயின்ட் போதாது ஐயா."

"நான் பார்க்கிறேன்."

மறுநாள் திங்கட்கிழமை, விடுமுறை. அவர் கென்ட்டிலிருந்து தானே கார் ஓட்டி வந்து இரண்டு பெரிய டின்களை இறக்கிவிட்டுப் போனார். எட்டு வருடத்தில் அவர் கோயிலுக்கு ஒரு பல்பு வாங்கி வந்ததில்லை.

"நல்ல மனிசன்," என்றார் செபமாலைமுத்து.

"கருவாட்டுக்குப் பூனை காவலாம்," என்றாள் றோஸ்மலர். "விக்கவேணும் எண்டவனுக்கு ஏனப்பா இவ்வளவு கரிசனை?"

"ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சந்தோசப்பட்டதைப் பாத்து மனம் மாறியிருக்கும்."

"மாறும் மாறும். நரி விரதம் பிடிச்ச மாதிரி."

இருந்தாலும் அவளும் ஒரு பிரஷை எடுத்துக்கொண்டு மேல்மாடத்துக்கு ஏறினாள். ஆக்கள் வரும்போது பாதி அடித்ததும் பாதி அடியாததுமாகக் கிடந்தால் யாருக்கு வெட்கம்? மாலை ஆறு மணிக்குள் முடிந்தது.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு மிஸ் ஹார்கிரீவ்ஸ் வந்தாள். நாற்பது வயது இருக்கும். தட்டைச் சப்பாத்து, தோளில் துணிப்பை, கையில் டார்ச். மிஸ்டர் பிராண்ட் கூட வந்தார். செபமாலைமுத்து கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு கதவைத் திறந்து பிடித்தார்.

அவள் நான்கு அடி உள்ளே வந்து நின்றாள்.

"ஓ," என்றாள்.

அது வியப்பு என்று செபமாலைமுத்து எடுத்துக்கொண்டார். அவள் மெதுவாக நடந்து போய் ஒரு பெட்டிக் கதவை இழுத்தாள். அது ஒட்டியிருந்தது. பலமாக இழுத்ததும் பிளாஸ்திரி உரிவது போலச் சத்தத்தோடு திறந்தது. முழந்தாளிட்டு டார்ச் அடித்துப் பார்த்தாள். அடுத்த பெட்டி. அதற்கு அடுத்தது. படியேறி மேல்மாடத்துக்குப் போய்விட்டு இறங்கி வந்தாள். முழங்காலில் கபில நிறம் பட்டிருந்தது.

"இதைச் செய்தது யார்?"

"நான்," என்றார் செபமாலைமுத்து, பெருமையோடு.

"அடியில் இருந்த பெயின்ட்?"

"கவலைப்படவேண்டாம். ஒழுங்காகத் தேய்த்துவிட்டேன். மரம் தெரியும்வரை."

அவள் கண்ணை மூடித் திறந்தாள். பிறகு, குழந்தைக்குச் சொல்வது மாதிரி அவருக்குச் சொன்னாள். அந்தப் பெட்டிகள் சாதாரணப் பைன் மரம். இருநூறு வருடத்துக்கு முன் ஒருவன் சீப்பும் இறகும் கொண்டு அதில் கருவாலி என்னும் ஓக் மரத்தின் ரேகையை வரைந்திருந்தான். எண்களையும் அவனே எழுதினான். பிற கோயில்களில் எல்லாம் அதைச் சுரண்டி, வேறு பூசி, எறிந்துவிட்டார்கள். இந்த ஒரு கோயிலில்தான் அது முழுதாக இருந்தது. அதற்காகத்தான் வந்தாள். வேறு எதற்கும் இல்லை.

அதாவது, மலிவு மரத்தை விலையுயர்ந்த மரம் என்று காட்டச் சீனி முதலாளிகள் செய்த ஏமாற்று. இருநூறு வருடம் கழிந்ததும் ஏமாற்றே அசல் ஆகிவிட்டது. அது அழியாமல் இருந்ததற்குக் காரணம் பக்தியும் இல்லை, அக்கறையும் இல்லை. மாற்றி அடிக்கக் காசு இல்லாதது. அந்த வறுமையைப் பார்க்கத்தான் அந்தப் பெண் டார்ச்சோடு வந்திருந்தாள். செபமாலைமுத்து அதை ஒரு கிழமைக்குள் துடைத்துவிட்டார்.

"மார்ச் மாதமே எழுதியிருந்தேன்," என்றாள் மிஸ் ஹார்கிரீவ்ஸ். "எதையும் தொடவேண்டாம், தூசிகூடத் தட்டவேண்டாம் என்று. மிஸ்டர் பிராண்ட்?"

"வந்தது," என்றார் மிஸ்டர் பிராண்ட். "முத்துவிடம் சொன்னேன். தெளிவாகவே சொன்னேன்."

செபமாலைமுத்து அவரைப் பார்த்தார். மிஸ்டர் பிராண்ட் சிங்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லை ஐயா," என்றார் செபமாலைமுத்து. "நீங்கள் சொல்லவில்லை. கீழ்த்தளம் நானாக அடித்தது. அது என்னுடைய பிழை. மேல்மாடத்தை அடிக்கச் சொன்னது நீங்கள். நேற்று இரண்டு டின் கொண்டுவந்தீர்கள்."

அவருடைய குரல் உயரவில்லை. ஸ்டோரில் கையிருப்புக் குறைந்தால் மேலாளருக்குச் சொல்லும் குரல்.

மிஸ்டர் பிராண்ட் மிஸ் ஹார்கிரீவ்ஸ் பக்கம் சாய்ந்து, "பாவம், நல்ல மனிதர்," என்றார். "ஆங்கிலம்தான் சிக்கல். சொல்வது எல்லாம் விளங்கியது மாதிரித் தலையாட்டுவார்."

செபமாலைமுத்து படிக்குக் கீழே இருந்த அலுமாரிக்குப் போனார். வெறும் டின் ஒன்றோடு திரும்பி வந்தார். மூடியில் கடையின் ஒட்டுத்தாள் இருந்தது: செவனோக்ஸ், கென்ட். திகதி, சனிக்கிழமை. அதாவது ஞாயிற்றுக்கிழமை மிஸ்டர் பிராண்ட் பெயின்டைக் கண்டு சிரிப்பதற்கு முதல் நாள். டின் வாங்கியபோதே அவருக்கு விஷயம் தெரியும். யாரோ சொல்லியிருக்கிறார்கள், அல்லது வார நடுவில் வந்து யன்னலால் எட்டிப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் போயிருக்கிறார். அவள் எழுதிய கடிதம் கையில் இருக்க, ஒரு வார்த்தை சொல்லாமல் கடைக்குப் போயிருக்கிறார்.

மிஸ் ஹார்கிரீவ்ஸ் ஒட்டுத்தாளைப் படித்தாள். மிஸ்டர் பிராண்டை ஒரு தரம் பார்த்தாள். படித்தவள், விளங்காமல் இல்லை. பிறகு குறிப்புப் புத்தகத்தை மூடினாள்.

"வருந்துகிறேன்," என்றாள் செபமாலைமுத்துவிடம். "யார் சொல்லி அடித்தாலும் அடித்தது அடித்ததுதான். என் அறிக்கையில் அது எதையும் மாற்றாது."

உண்மையைச் சொல்லி நிரூபித்தும் ஆயிற்று. அது அவ்வளவுதான்.

அந்த நேரம் பார்த்து றோஸ்மலர் தேநீர்த் தட்டோடு வந்தாள். கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். கோப்பையை மிஸ்டர் பிராண்டின் கையில் கொடுத்து, பல் தெரியச் சிரித்து, தமிழில் சொன்னாள்:

"குடியும் துரை, குடியும். மூண்டு சீனி போட்டிருக்கிறன். உம்மடை கொப்பாட்டன்ரை சீனி. கள்ளப்பயலே, எங்கடை கையாலை பூசுவிச்சு எங்கடை கூரையைப் பிடுங்கிப்போட்டியே. நீ போற இடத்திலை கதவு ஒட்டிக்கொண்டு திறபடாமல் கிடக்கவேணும்."

"நன்றி," என்றார் மிஸ்டர் பிராண்ட். "மிகவும் அன்பு."

அவர் அவளுக்குச் சொன்ன முதல் நன்றி அது. தேநீரை முழுதாகக் குடித்தார்.

போகும்போது செபமாலைமுத்துவைத் தனியே அழைத்து, அறைகளைக் காலி செய்ய மூன்று மாதம் அவகாசம் தருவதாகவும் நற்சாட்சிக் கடிதம் எழுதுவதாகவும் சொன்னார். கடிதத்தில் 'நேர்மையானவர், கடின உழைப்பாளி, பெயின்ட் வேலையும் தெரியும்' என்று எழுதலாமா என்று கேட்டார். செபமாலைமுத்து எழுதச் சொன்னார்.

பின்னேரம் யோகராஜா வந்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டுப் படியில் இருந்தான்.

"என்னிலை கோவமே, அண்ணை?"

"உன்னிலை என்னத்துக்கு?"

"பழசைப் பாக்க வாறாள் எண்டு ஆருக்குத் தெரியும்? பழசுதான் வேணுமெண்டா ஊரிலை என்ரை வீட்டைக் காட்டியிருப்பன். பெயின்ட் என்ன, கூரையே இல்லை."

றோஸ்மலர் உள்ளிருந்து சத்தம் போட்டாள். "தம்பி, உன்ரை டின்னுகளை ஒண்டும் மிச்சம் வைக்காமல் எடுத்துக்கொண்டு போ. அந்த மணத்துக்கு எனக்குத் தலை இடிக்குது."

"எடுக்கிறன் அக்கா. சாப்பிட்டியளே?"

"நீ சாப்பிடாமல் போகப்போறியோ? மீன் கிடக்கு. கையைக் கழுவு."

மூவரும் சாப்பிட்டார்கள். செபமாலைமுத்து மீன் முள்ளைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, "அவள் பொய் சொல்லேல்லை," என்றார். "அடிச்சது அடிச்சதுதான்."

"வாயை மூடிக்கொண்டு சாப்பிடுங்கோ," என்றாள் றோஸ்மலர்.

இந்தக் கதை பிறகு கிழக்கு லண்டன் தமிழர் வீடுகளில் பரவியது. பிறந்தநாள் விழாக்களில் சொல்லிச் சிரித்தார்கள். திசைகாட்டி கொண்டுவந்த கமிட்டிக்காரர்தான் அதை எல்லோரிலும் நன்றாகச் சொன்னாராம். அவருடைய கதையில் செபமாலைமுத்து பிரசங்க மேடைக்குப் பச்சை அடித்திருந்தார். புதுவீடு வாங்கிக் குடிபுகுமுன் நல்ல ஓடுகளைப் பெயர்த்துவிட்டு மாபிள் பதித்தவர்கள்தான் கேட்டுச் சிரித்தார்கள்.

அந்தச் செவ்வாய்க்கு மறுநாள் புதன்கிழமை. றோஸ்மலருக்குப் பகல் இரண்டு மணிக்கு ஷிப்ட். காலை ஒன்பதே காலுக்கு இருவரும் கவுன்சில் வீட்டுப் பகுதி அலுவலகத்துக்குப் போனார்கள். ஒன்றேகால் மணித்தியாலம் இருந்தார்கள். பிள்ளைகள் இல்லாதவர்கள், நோய் இல்லாதவர்கள் என்பதால் முன்னுரிமை இல்லை என்று ஒரு பெண் சொன்னாள். படிவம் ஒன்று கொடுத்தாள். அங்கிருந்து டிஸ்ட்ரிக்ட் லைனில் பிளேஸ்டோவுக்குப் போய், யோகராஜாவின் தமக்கை வீட்டில் ஒரு அறை பார்த்தார்கள். அறை தெருப் பக்கம் இருந்தது. கட்டிலும் ஒரு அலுமாரியும் இருந்தன. குசினி மூன்று குடும்பத்துக்குப் பொது. மீன் பொரிப்பதென்றால் சனிக்கிழமை மட்டும். றோஸ்மலர் சரி என்றாள். மழை தூறியது. அவள் ஸ்டேஷனிலிருந்து நேரே வேலைக்குப் போனாள். செபமாலைமுத்து பன்னிரண்டரைக்குத் திரும்பி வந்து, புதன்கிழமை என்பதால் கோயிலின் முன்படிகளைக் கூட்டினார்.